மாற்று சைலன்சர் தரையில் உரசுகிறதா? காரைத் தூக்கும் முன் பைப்பைத் தூக்குங்கள்

எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கிலிருந்து வெளியே ஏறும் சரிவின் உச்சியில் ஒரு கீறல் இருக்கிறது. இரண்டடி நீளம், விரல் அகலம். அது என் ஸ்விஃப்ட் போட்ட கோடு. "சார், நீங்க கிளம்புறது நாலாவது மாடி வரைக்கும் தெரியுது" என்று வாட்ச்மேன் சொன்னபோது, புது சைலன்சரின் சத்தத்தைப் பாராட்டுகிறார் என்றுதான் முதல் வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது பைப் கான்கிரீட்டில் இழுபடும் சத்தத்தை.

கார் 2021 மாடல், 1197 சிசி பெட்ரோல். கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. ஆசைப்பட்டு, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையில் உள்ள நச்சைக் குறைக்கும் பாகம்) பின்னால் உள்ள பகுதி முழுவதையும் கழற்றிவிட்டு இரண்டரை இஞ்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப் போட்டேன். வேலை முடிந்து அளந்து பார்த்தபோது தரைக்கும் காரின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் நடுவே 118 மி.மீ.தான் இருந்தது. 45 மி.மீ. காணாமல் போயிருந்தது.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: ஸ்பிரிங்கில் ரப்பர் போட்டுக் காரைத் தூக்கு. நானும் பின் ஸ்பிரிங்குகளில் போட்டேன். பின்பக்கம் தூக்கி, மூக்கு இறங்கி, ஹெட்லைட் வெளிச்சம் பத்தடியில் தரையைப் பார்த்தது. சின்னப் பள்ளம்கூட இடுப்பில் தெரிந்தது. பைப் அப்போதும் இடித்தது. ஒரு மாதத்தில் கழற்றிவிட்டேன். கார் அதே உயரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது, தொங்கியது பைப். அதைச் சரிசெய்யாமல் நாலு சக்கரத்தையும் தூக்கப் பார்ப்பது, கூரை ஒழுகுகிறது என்று தரையை உயர்த்துவது மாதிரி. அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்பிரிங், டயர் எல்லாம் கடைசியில்தான் வரும்.

முதலில்: எங்கே இடிக்கிறது?

"அடியில எங்கயோ இடிக்குது" என்று சொல்லிப் பட்டறைக்குப் போனால், மெக்கானிக்கும் எங்கேயோ ஒன்றைத்தான் சரிசெய்வார். இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் செய்யுங்கள், அரை மணி நேர வேலை.

ஒன்று, காது. வேகத்தடையில் மிக மெதுவாக ஏறுங்கள். முன்சக்கரம் இறங்கிய பிறகு, பின்சக்கரம் ஏறுவதற்கு முன் சத்தம் வந்தால் நடுப்பகுதி: நடு டப்பா (பைப்பின் நடுவே சத்தத்தைக் குறைக்கும் டப்பா), ஃபிளாஞ்ச் (இரண்டு பைப் முனைகளை போல்ட் போட்டு இணைக்கும் தகடு), கிளாம்ப் (பைப்பைச் சுற்றி இறுக்கும் பிடி). பின்சக்கரமும் இறங்கிக் குதித்த பிறகு வந்தால் பின் சைலன்சர் அல்லது வால் முனை. சரிவில் இறங்கி அடியில் சமதரையைத் தொடும்போது உரசினாலும் வால் முனைதான்.

இரண்டு, சுண்ணாம்பு. பைப் நன்றாக ஆறியிருக்கும்போது அதன் அடிப்பக்கம் முழுக்க, முன்னிருந்து பின்வரை, சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். வழக்கமாக இடிக்கும் வேகத்தடையில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். வெள்ளை எங்கே வழித்துக்கொண்டு போயிருக்கிறதோ அங்கேதான் உங்கள் பிரச்சினை. பழைய கீறல்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவற்றில் பாதி, கார் உங்கள் கைக்கு வரும் முன் விழுந்தவையாக இருக்கலாம்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது: சப்பாத்தி மாவு. கெட்டியாகப் பிசைந்து, விரல் நீளக் கூம்புகளாக உருட்டி, பைப்பின் அடியில் ஓர் அடிக்கு ஒன்று வீதம் ஒட்டுங்கள். வேகத்தடையைத் தாண்டிய பிறகு மிச்சமிருக்கும் கூம்பின் உயரம்தான் அந்த இடத்தில் உண்மையில் கிடைத்த இடைவெளி. இடிக்காத இடம்கூட எவ்வளவு நெருக்கமாகத் தப்பியது என்று சுண்ணாம்பு சொல்லாது, மாவு சொல்லும். என் காரில் நாலாவது கூம்பு அடையாளமே இல்லாமல் போயிருந்தது. ஐந்தாவது வெறும் 6 மி.மீ. மிஞ்சியிருந்தது. நாலாவதை மட்டும் சரிசெய்திருந்தால் அடுத்த வாரமே ஐந்தாவது இடம் இடித்திருக்கும். பைப் சூடாக இருக்கும்போது செய்யாதீர்கள், மாவு வெந்துவிடும், விரலும் வெந்துவிடும்.

அளவு

சமமான தரை, கதவோர ஸ்டிக்கரில் சொன்ன காற்றழுத்தம். இரண்டு நிலைகளில் அளந்து எழுதுங்கள்: காலியாக, பிறகு நாலு பேரும் டிக்கியில் வழக்கமான சாமானும் இருக்கும்போது. கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் காலி வண்டியின் கணக்கு. நாம் இடிப்பது மாமனார் வீட்டுக்குப் போகும்போது.

ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே பைப்பின் அடியில் வைத்து, அதிலிருந்து தரைக்கு ஸ்கேலால் அளந்தால் தவறு வராது. கிளாம்ப் நட்டு, ஃபிளாஞ்ச் காது, நடு டப்பா, வெறும் பைப், பின் சைலன்சர், வால் முனை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். என் பட்டியலில் கிளாம்ப் நட்டு 118, ஃபிளாஞ்ச் காது 124, நடு டப்பா 129 என்று இருந்தது. வெறும் பைப் இவற்றை எல்லாம் விட மேலே. அதாவது மிகத் தாழ்ந்த இடம் பைப்பே அல்ல, பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்த நட்டு!

எவ்வளவு இடைவெளி போதும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் ஒரு தரம் வகுத்திருக்கிறது (ஐஆர்சி 99): உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். ஸ்விஃப்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2450 மி.மீ. அந்தத் தரத்தில் கட்டிய தடையின் உச்சியில் கார் நிற்கும்போது நாலு சக்கரமும் தடையின் மேலேயே இருக்கும். சக்கர மட்டத்தைவிட நடுவில் தரை 44 மி.மீ.தான் மேலே எழும்பியிருக்கும். 118 மி.மீ. இருந்த என் கார்கூட அதைத் தொடாமல் தாண்டிவிடும்.

நம் ஊரில் பல தடைகள் அப்படி இல்லை. மீந்த தாரை ஒரு மீட்டர் அகலத்தில் கொட்டி 15 செ.மீ. உயரத்துக்குக் குவித்துவிடுகிறார்கள். அது இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே முழுசாக அடங்கிவிடும். எனவே 150 மி.மீ. உயரமும் அப்படியே காரின் வயிற்றுக்கு வரும். கம்பெனி பைப்பிலேயே 13 மி.மீ.தான் மிச்சம், நாலு பேர் உட்கார்ந்தால் அதுவும் இல்லை. இப்படிப்பட்ட தடையைத் தினமும் தாண்டுகிறவர் மாற்று சைலன்சரே போட வேண்டாம் என்பது என் கருத்து.

பார்க்கிங் சரிவின் உச்சி வேறு கதை. அங்கே காரின் சரிநடுவில் இருப்பதுதான் அதிகம் ஆபத்தில் இருக்கும். சரிவும் சமதரையும் 12 டிகிரி கோணத்தில் முறியும் உச்சியில் நடுவில் சுமார் 128 மி.மீ. இடைவெளி வேண்டும். முன்சக்கரத்திலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கும் இடத்துக்கு 95 மி.மீ. போதும். ஆக, ஒரு ஃபிளாஞ்சையோ டப்பாவையோ நடுவிலிருந்து முன்னால் நகர்த்தினாலே, உயர்த்தாமலேயே, 30 மி.மீ.க்கு மேல் லாபம். இதைப் பட்டறையில் சொன்னபோது மெக்கானிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டுப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார்.

அடியில் போகும் முன்

ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரின் அடியில் தலையை விடாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் தாங்கியாக ஆகாது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஆக்ஸில் ஸ்டாண்ட் வாங்குங்கள், அல்லது பிட் (காருக்கு அடியில் இறங்கி நின்று வேலை செய்யும் குழி) உள்ள பட்டறையில் ஒரு மணி நேரம் கேளுங்கள். பிட்டுக்கு இன்னொரு வசதி உண்டு: கார் தன் சக்கரத்திலேயே நிற்பதால், பின் ஆக்ஸில் இருக்க வேண்டிய உயரத்தில் இருக்கும். ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் தொங்கி, ஆக்ஸிலுக்கு மேலே தாராளமாக இடம் இருப்பது போல் பொய்த் தோற்றம் வரும்.

எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

செலவில்லாமல் கிடைக்கும் மில்லிமீட்டர்கள்

முதலில் கிளாம்ப். யு வடிவக் கிளாம்பைப் பட்டறையில் மாட்டும்போது, ஸ்பேனர் சுலபமாக எட்ட வேண்டும் என்று நட்டு கீழே பார்த்திருக்கும்படி வைத்துவிடுவார்கள். போல்ட் முனை பைப்புக்குக் கீழே 15 முதல் 20 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, தளர்த்தி, நட்டு பக்கவாட்டிலோ சற்று மேல்நோக்கியோ இருக்கும்படி திருப்பி இறுக்குங்கள். மிஞ்சிய போல்ட் நீளத்தை அறுத்துவிடலாம். இன்னும் நல்லது யு கிளாம்பைத் தூக்கிவிட்டுப் பட்டைக் கிளாம்ப் போடுவது. அது பைப்பைச் சுற்றித் தகடாகப் படுத்துவிடும், பைப்பையும் நசுக்காது.

அடுத்து ஃபிளாஞ்ச். இரண்டு போல்ட் ஃபிளாஞ்சுக்கு இரண்டு காதுகள். அவை மேலும் கீழுமாக நின்றால் கீழ்க்காது தரையைத் தேடும். கிடைமட்டமாகத் திருப்பினால் பைப்பின் அடிக்கு ஏறக்குறையச் சமமாக வந்துவிடும். வெல்டு பண்ணிய ஃபிளாஞ்சைத் திருப்ப அறுத்து ஒட்ட வேண்டும், ஆனால் சின்ன வேலைதான். மூன்று போல்ட் ஃபிளாஞ்சில் ஒரு காது நேர் மேலே இருக்கும்படி வையுங்கள். மற்ற இரண்டும் பக்கவாட்டில் விலகிக்கொள்ளும்.

மூன்றாவது சைலன்சர் ரப்பர். பைப்பைத் தொங்கவிடும் ஹேங்கர் கம்பியைப் பிடித்திருக்கும் இந்த ரப்பர்கள் வெயிலிலும் சூட்டிலும் நீண்டுவிடும். விரலால் இழுத்துப் பாருங்கள், ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தாலோ ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றுங்கள். கம்பெனி பைப்பைவிட மாற்று சைலன்சர் கனமாக இருந்தால் புது ரப்பரும் தொய்யும். இரண்டு ஓட்டைகளுக்கும் நடுவே தூரம் குறைவான, கெட்டியான ரப்பர் கிடைக்கிறது. சென்னையில் என்றால் ஜி.பி. ரோடு கடைகளில் பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் பைப் முறுக்கிக்கொண்டு எங்காவது உடம்பில் தட்டும். இரும்புக் கம்பியைச் சுற்றிக் கட்டி இழுத்துப் பிடிக்கும் சமாளிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். எஞ்சினின் அதிர்வு முழுக்க தரைத்தகடு வழியாகக் காருக்குள் வரும், நாளடைவில் வெல்டும் விடும்.

ஹேங்கர் கம்பியே வளைந்திருக்கிறதா, எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு) தொய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். மவுண்ட் உட்கார்ந்துவிட்டால் எஞ்சின் கீழிறங்கி, தன்னோடு பைப்பின் முன்முனையையும் இழுத்துக்கொள்ளும். நியூட்ரலில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் அதிகமாகச் சாய்ந்தால் மவுண்டைச் சந்தேகிக்கலாம்.

என் காரில் கிளாம்பும் ஃபிளாஞ்சும் திருப்பியதில் மிகத் தாழ்ந்த இடம் நடு டப்பா ஆனது, 129. ரப்பர் மாற்றியதும் 138. பைப்பில் எதையும் புதிதாகச் செய்யாமல் 20 மி.மீ. வந்துவிட்டது. பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

நடு டப்பா

மாற்று சைலன்சர்களில் நடுவில் வரும் ரெசொனேட்டர் பெரும்பாலும் உருண்டைக் குழாய். நாலு இஞ்ச் டப்பா என்றால் விட்டம் 102 மி.மீ. இரண்டரை இஞ்ச் பைப்பை அதன் மையத்தில் கோத்தால், பைப்பின் அடியைவிட டப்பாவின் அடி 19 மி.மீ. கீழே இருக்கும். இதைத் தட்டையான முட்டை வடிவ டப்பாவாக, 75 மி.மீ. உயரத்தில் மாற்றினால் அடியில் 13 மி.மீ. மிச்சம். பைப் டப்பாவின் மையத்தில் நுழையாமல் கீழ்ப்பகுதியில் நுழையும்படி செய்தால் டப்பா மேல்நோக்கி ஏறிக்கொள்ளும், இன்னும் லாபம். ஆனால் மேலே தரைத்தகட்டில் சுரங்கம் போன்ற குழிவு இருக்கும் இடத்தில்தான் இது நடக்கும்.

டப்பாவையே எடுத்துவிட்டு நேர்ப்பைப் போடச் சிலர் சொல்வார்கள். உயரம் கிடைக்கும், கூடவே நெடுஞ்சாலையில் தலையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு முழக்கமும் கிடைக்கும். நான் அதற்குத் தயாராக இல்லை.

பைப்பின் பருமன், வடிவம், வழி

இங்கேதான் கொஞ்சம் கசப்பான உண்மை. தொண்ணூறு குதிரைத்திறன் எஞ்சினுக்கு இரண்டரை இஞ்ச் பைப் தேவையில்லை. அண்ணன் செருப்பைத் தம்பி போட்ட கதை. நானும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பெரிய பைப் என்றால் பெரிய பவர் என்று நம்பினேன். இரண்டு இஞ்சுக்கு இறங்கினால் விட்டத்தில் மட்டும் 12.7 மி.மீ. குறைகிறது, பைப்பை மேலே ஒட்டி வைத்தால் அது முழுவதும் தரை இடைவெளியாக மாறும். புதிதாகப் போடப் போகிறவர்கள் இந்த எஞ்சினுக்கு இரண்டு இஞ்சைத் தாண்டாதீர்கள்.

ஏற்கெனவே பெரிய பைப் போட்டவர்களுக்கு இன்னொரு வழி, நடுவில் வரும் நேர்ப்பகுதியை மட்டும் தட்டையாக்குவது. இரண்டரை இஞ்ச் பைப்பின் சுற்றளவு கிட்டத்தட்ட 200 மி.மீ. அதை 45 மி.மீ. உயரத்துக்கு அழுத்தினால் அகலம் 74 மி.மீ. ஆகும். குறுக்குப் பரப்பில் சுமார் 9 சதவீதம்தான் குறையும். அப்போதும் இரண்டு இஞ்ச் உருண்டைப் பைப்பைவிட 40 சதவீதம் அதிகம். உயரத்திலோ 18.5 மி.மீ. லாபம். கணக்கைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சுத்தியலால் தட்டித் தட்டையாக்க விடாதீர்கள். உள்ளே பள்ளம் மேடாகி, புகை தட்டுத்தடுமாறும். ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறையில், இரண்டு தடித்த தகடுகளுக்கு நடுவே வைத்துச் சமமாக அழுத்த வேண்டும். இரண்டு முனைகளிலும் நாலு விரற்கடை உருண்டையாகவே விட்டால்தான் மற்ற பைப்போடு ஒட்ட முடியும். தட்டையான பைப்பை வளைப்பது கஷ்டம், வளைவுகளை உருண்டையிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து, பைப் போகும் வழி. பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) உள்ள பல கார்களில் கம்பெனி பைப் பீமுக்கு மேலே வளைந்து ஏறி இறங்கும். அப்படி வளைக்க உழைப்பும் நேரமும் ஆகும் என்பதால், சில பட்டறைகளில் பீமுக்கு அடியிலேயே நேராக விட்டுவிடுகிறார்கள். உங்கள் காரில் அப்படி இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் முதலில் அதை மாற்றுங்கள், ஒரே மாற்றத்தில் மிக அதிகமாகக் கிடைப்பது இங்கேதான். பீமுக்கு மேலே போகும்போது, பின்சக்கரம் பள்ளத்தில் விழுந்து முழுசாக மேலேறினாலும் பீம் பைப்பைத் தொடாத அளவு இடம் விட வேண்டும். டிக்கியில் ஆட்களை உட்காரவைத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

பைப்பை மேலே தூக்கத் தூக்க வேறு பிரச்சினைகள் நெருங்கும். பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் பிளாஸ்டிக். பக்கத்திலேயே பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள். தரைத்தகட்டிலிருந்து குறைந்தது 25 மி.மீ. விடுங்கள், டேங்க் பக்கம் இன்னும் அதிகம். கம்பெனி மாட்டிய வெப்பத் தடுப்புத் தகடுகளைக் கழற்றி எறியாதீர்கள். "இது சும்மா லொடலொடங்குது சார்" என்று பிடுங்கிப் போடுவது பட்டறைப் பழக்கம். நெளிந்திருந்தால் நிமிர்த்தி மாட்டச் சொல்லுங்கள்.

சூட்டில் பைப் நீளும் என்பதையும் மறக்கக் கூடாது. எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு வகை) ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு 100 டிகிரிக்கும், 1.7 மி.மீ. நீளும். மூன்று மீட்டர் பைப் சராசரியாக 300 டிகிரி ஏறினால் 15 மி.மீ. பின் பம்பரின் வெட்டுக்கும் வால் முனைக்கும் நடுவே ஆறியிருக்கும்போது அழகாக ஒட்டி நிற்கிற இடம், வேளச்சேரியிலிருந்து செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் பம்பரைக் கருக்கிவிடும்.

வெல்டிங் நாள்

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றியாயிற்றா என்று நீங்களே பாருங்கள். எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பைப்பில் மாட்டச் சொல்லுங்கள். காரின் மூக்கில் மாட்டிவிட்டுப் பின்னால் வெல்டு பண்ணினால் மின்சாரம் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வழியாகச் சுற்றி வர வாய்ப்புண்டு. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிஎன்ஜி வண்டி என்றால் அதற்கென்று பழகிய இடத்துக்கு மட்டும் போங்கள்.

வரிசை முக்கியம். பைப்பை அதன் ரப்பர்களில் தொங்கவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போது, காரிலேயே நாலு புள்ளிகளில் டேக் (தற்காலிகப் பொட்டு வெல்டு) மட்டும் வைக்க வேண்டும். பிறகு மறுபடி அளந்து பார்த்து, சரியாக இருந்தால் கழற்றிக் கீழே வைத்து முழு வெல்டிங். கழற்றாமல் காரிலேயே முழுசாகப் பற்றவைத்தால் மேல்பக்கம் கம்பி போய்ச் சேராது, அங்கேதான் பிறகு புகை கசியும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஆர்கான் வைத்து டிக் வெல்டிங் நல்லது. எஸ்எஸ் பைப்பைச் சாதா இரும்பு ஃபிளாஞ்சோடு ஒட்டும்போது 309எல் வெல்டிங் கம்பி கேளுங்கள். சாதாக் கம்பியில் ஒட்டினால் சில மழைக்காலத்தில் துரு காட்டிக்கொடுக்கும்.

உயரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று வால் பைப்பைக் குட்டையாக்கி, பின் ஆக்ஸிலுக்கு முன்னாலேயே கீழ்நோக்கி முடிப்பவர்கள் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. டிராஃபிக்கில் ஏசி போட்டு நிற்கும்போது தரைத்தகட்டின் சின்ன ஓட்டை வழியாக உள்ளே வரும். வால் முனை பின் பம்பரைத் தாண்டி வெளியே முடிய வேண்டும்.

வேலை முடிந்ததும் கசிவு பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் ஈரத்துணியால் வால் முனையை அரைகுறையாக அடைத்துப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள். பிறகு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, சூட்டோடு எட்ட நின்று டார்ச் அடித்து எங்காவது தொடுகிறதா என்று பாருங்கள். மறுநாள் ஆறியதும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். பைப் ஒரு சூடு கண்ட பிறகு தளர்ந்திருக்கலாம்.

தட்டை டப்பா, நடுவில் தட்டைப் பைப், ஒரு ஹேங்கர் கம்பியின் வளைவு மாற்றம், எல்லாம் சேர்த்து என் கார் காலியாக 156-க்கு வந்தது.

இதற்கும் மேல் வேண்டும் என்றால்

பழைய காரில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கலாம். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து பாருங்கள். இடது வலது பெரிய வித்தியாசம் இருந்தாலோ, அதே மாடல் புதுக் காரைவிடக் குறைவாக இருந்தாலோ, புது ஸ்பிரிங் ஜோடியாகப் போடுவதே நேர்மையான வழி. ஷாக் அப்சார்பர் பலவீனமானால் நிற்கும் உயரம் பெரிதாக மாறாது, ஆனால் தடையில் கார் அதிகம் அமுங்கும். ஆகவே "நின்றால் இடைவெளி இருக்கிறது, ஓடினால் இடிக்கிறது" என்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

டயரில் கிடைப்பது சொற்பம். 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ., 195/65 ஆர்15-க்கு 634.5. வித்தியாசம் 13, அதில் பாதி 6.5 மட்டுமே தரை இடைவெளியாக வரும். அதற்கு விலையாக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் 102-இல் போகும், முழுசாகத் திருப்பும்போது உள் லைனரில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேலே வைக்கும் ஸ்பேசர் போட்டே தீருவேன் என்றால் 20 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள், முன் பின் இரண்டிலும் போடுங்கள். அதன்பின் வீல் அலைன்மெண்ட், ஹெட்லைட் சாய்வு இரண்டையும் சரிபாருங்கள். டிரைவ் ஷாஃப்டின் கோணமும் மாறும். சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எவ்வளவு செய்தும் ஓரிரு இடங்களில் தொடத்தான் செய்யும் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கைவேலை: ஃபிளாஞ்சுக்கு முன்னால், பைப்பின் அடியில், மூன்று மி.மீ. தகட்டில் சாய்வான சறுக்கு ஒன்றைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். மூன்று மி.மீ. இழப்புதான். ஆனால் ஃபிளாஞ்ச் விளிம்பு கான்கிரீட்டில் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகும். பைப் பிய்ந்து வருவது பெரும்பாலும் இடிப்பதால் அல்ல, மாட்டிக்கொள்வதால்.

ஓட்டும் விதத்திலும் கொஞ்சம் கிடைக்கும். தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சக்கரம் ஏறும் நொடியில் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். பிரேக் பிடித்தபடி ஏறினால் மூக்கு குனியும், அதோடு முன்பக்கப் பைப்பும் குனியும். காலிச் சாலையில் சற்றுக் கோணலாக ஏறினால் ஒவ்வொரு சக்கரமாக ஏறும், நடுப்பகுதி அதிகம் தப்பிக்கும்.

போலீஸ், ஆர்டிஓ, இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சத்தம், புகை வரம்பு மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை போகும். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பிஎஸ்6 (இந்தியாவின் புகை வரம்புத் தரம்) கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் ஆக்ஸிஜன் சென்சாரையும் தொட்டால் எஞ்சின் விளக்கு எரிவதோடு புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள். மேலே சொன்ன எல்லாம் அதற்குப் பின்னால் உள்ள பகுதிக்கு மட்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் தகராறாக வரலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அதனால் கழற்றிய கம்பெனி சைலன்சரைப் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடாதீர்கள். எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று பட்டறையில் கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. ஓட்டைகளில் துணியை அடைத்து, சாக்கில் சுற்றி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். காரை விற்கும் அன்று அது மறுபடி அடியில் போகும்.